கம்ப்யூட்டருக்குத் தைத்த உறை

மஞ்சள் பூப்போட்ட அந்த உறையை என் கையால்தான் தைத்தேன். டி.வி.க்கும் மிக்சிக்கும் தைத்தவள், மருமகள் பாகம் பாகமாக வாங்கி அவளே பூட்டிய கம்ப்யூட்டரைச் சும்மா விடுவேனா? எங்கள் கும்மிடிப்பூண்டிப் பக்கம் லாரிப் புழுதிக்கா பஞ்சம்? பெட்டிக்குக் குங்குமம் வைத்து, உறையை மாட்டி, நான்கு பக்கமும் இழுத்துவிட்டேன். கல்யாணமாகி வந்து வருஷம் திரும்பாத பெண். "சூப்பரா கீது அத்தே" என்றாள்.

தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனிக்கு மிஷின் பாகங்களைப் படமாக வரைவதுதான் அவள் வேலை. அப்போது வயிற்றில் ஏழு மாதம். பஸ்ஸில் குலுங்கிப் போகக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வீட்டிலிருந்தே வேலை செய்ய முடியும் என்று நிரூபிக்க, திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வீடியோ காலில் ஆபீசருக்குப் படத்தைத் திறந்து காட்ட வேண்டும். சரிவராவிட்டால் வேலை போய்விடும்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பெட்டிக்குள் இருக்கும் விசிறிகளோடுதான் மல்லுக்கட்டினாள். திரையில் படிக்கட்டு மாதிரி ஒரு கோடு. இவ்வளவு சூட்டுக்கு விசிறி இவ்வளவு வேகம் என்று அதில் புள்ளி வைத்து இழுப்பாள். வேகத்தைக் குறைத்தால், பெரிய படத்தைத் திறந்ததும் பெட்டி சூடாகி அணைந்துவிடும். கூட்டினாலோ அது போடும் கூச்சலில் பேச்சே கேட்காது.

"இன்னாமே இது, கம்ப்யூட்டரா, ரைஸ் மில்லா?" என்று நான் வேறு கிண்டல் செய்தேன்.

"செட் ஆயிடும் அத்தே" என்பாள், என் முகத்தைப் பார்க்காமல்.

திங்கட்கிழமை காலை நாஷ்டா கொண்டுபோனபோது கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள். தட்டை வைக்கக் குனிந்தவள் பெட்டியின் மேல் கையை ஊன்றினேன். சுட்டது. இரும்பு வார்க்கும் ஃபேக்டரியில் எத்தனையோ வருஷம் உழைத்த கை இது. அனல் மேலேதான் போகும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். உறையை உருவினேன். பெட்டியின் தலையில் சல்லடை மாதிரி ஓட்டைகள். உள்ளே இரண்டு விசிறிகள் மேல்நோக்கி ஊதிக்கொண்டிருந்தன, இத்தனை நேரமும் என் உறைக்குள்.

"உனுக்கு இது தெரியுமா?"

தெரியும் என்று தலையை ஆட்டினாள்.

"தெரிஞ்சிக்கினேவா ரெண்டு நாளா பேஜாரு பட்டுக்கினு கீறே? வாயில இன்னா, கொயுக்கட்டையா?"

"ஆசையா தச்சீங்களே அத்தே. கயிட்டுங்கன்னு எப்டி சொல்றது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும். இரண்டு நாளாக அவள் வேகம் வைத்தது மிஷின் சூட்டுக்கு இல்லை, மாமியார் மனசுக்கு!

புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினாள். பெரிய படத்தைத் திறந்தாள். சூடு கொஞ்சம் ஏறி, அங்கேயே நின்றது. "ஓடுதா, நின்னுடிச்சா?" என்று நான் காதை வைத்துக் கேட்கும்படி சத்தம் அடங்கிவிட்டது. பதினோரு மணிக்கு நான் குழாயைக்கூடத் திறக்காமல் சமையற்கட்டில் நின்றேன். "ஓகேம்மா, ஊட்லருந்தே பண்ணு" என்ற ஆபீசரின் குரல் அங்கே வரைக்கும் கேட்டது.

ஃபேக்டரியில் மேஸ்திரி செய்வது தப்பு என்று தெரிந்தும் எத்தனையோ நாள் வாய் மூடி நின்றவள் நான். என் வீட்டில் ஒருத்தி அப்படி நிற்கக் கூடாது. அன்றைக்கே அவளிடம் சொல்லிவிட்டேன், எதுவானாலும் மூஞ்சிக்கு நேராகச் சொல் என்று.

நேற்று எல்லோரும் சாப்பிடும்போது, "அத்தே, கொயம்புல உப்பு ஜாஸ்தி" என்றாள்.

உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, இன்னொரு கொதி விட்டேன்.