ஜம்போ இறக்கையும் நாலு எலுமிச்சம்பழமும்

சின்னையா என்றால் அந்த விமான நிலையத்தில் யாருக்கும் சட்டென்று தெரியாது. 'செவப்புக்கோடு சின்னையா' என்றால் தெரியும். விமானம் வந்து நிற்கிற தளத்தில் தரையில் இரண்டு கோடுகள் உண்டு. மஞ்சள் கோடு விமானத்தின் மூக்குச் சக்கரத்துக்கு. சிவப்புக் கோடு மற்றவர்களுக்கு. விமானம் வரும்போது வண்டியோ ஆளோ அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பெற்ற தகப்பனாக இருந்தாலும் சின்னையா வாய்க்கு வந்தபடி ஏசுவார். பின்னாளில் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் திரும்பிப் பார்க்கமாட்டார். அதற்குக் காரணம் இருக்கிறது.

கோலா சிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு ரப்பர்த் தோட்டத்தின் லயத்து வீட்டில் பிறந்து, கொஞ்ச காலம் பால்மரம் வெட்டி, எண்பதுகளின் தொடக்கத்தில் இந்த வேலைக்கு வந்தவர். விடியுமுன்பே மோட்டார் சைக்கிளை உதைப்பார். பின்னால் அதே லயத்தில் அவரோடு வளர்ந்து, அதே விமான நிலையத்தில் வேலை பார்க்கிற பெர்னாட் தூங்கி விழுந்துகொண்டே வருவார். என்ன வேலை என்று ஊரில் கேட்டால், "ரெக்கைக்குக் காவல்" என்பார் சின்னையா. பொய்யில்லை. விமானம் உள்ளே வரும்போது அதன் இறக்கை நுனி எதிலும் இடிக்காமல் பார்க்க வேண்டும். கையில் பிங்பாங் மட்டை மாதிரி இரண்டு பேட் இருக்கும். தலைக்கு மேல் குறுக்கே பிடித்தால், நில் என்று அர்த்தம். விமானிக்கு இறக்கை நுனி சரியாகத் தெரியாது. முன்னால் நின்று வழிகாட்டுகிற பாலகிருஷ்ணனைத்தான் பார்ப்பார். பாலகிருஷ்ணன் சின்னையாவைப் பார்க்க வேண்டும்.

"டயரைப் பாத்து ஏமாந்துறாதீங்க லா! டயரு மஞ்சக் கோட்டுல சாது மாதிரி வரும். ரெக்கைதான் ஆள அடிக்கும்" என்று புதிதாக வருகிறவர்களை மிரட்டுவார்.

ஒரு வருஷம் ஆயுத பூஜை வந்தது. தோட்டத்து லோரிக்கும் டிராக்டருக்கும் செய்கிற பூஜையை நம் ஆட்கள் விமான நிலையத்துக்கும் கூடவே கொண்டுவந்திருந்தார்கள். பயணிகள் இறங்குகிற படிக்கட்டு லோரியை அதன் டிரைவர் வீரன் கழுவிச் சந்தனம், குங்குமம் வைத்தார். படிக்கட்டின் உச்சியில், கைப்பிடிக் கம்பியில் வாழைமரம் கட்டியவர் பெர்னாட். அவர் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்தான். அதற்காகச் சிநேகிதன் பூஜைக்குக் கயிறு பிடிக்காமல் இருக்க முடியுமா?

பூஜை முடிந்ததும் டயருக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை முன்பக்கமாக விட்டு நசுக்க வேண்டும். பின்பக்கமாக விட்டால் ஆகாது. வண்டியோ சிவப்புக் கோட்டை ஒட்டி நின்றது. வருஷா வருஷம் கொஞ்சம் தாண்டுவதும் உடனே பின்னால் எடுப்பதும் வழக்கம்தான். அந்த இடத்துக்குச் சின்ன விமானங்கள்தான் வரும். அவற்றின் இறக்கை எட்டவே எட்டாது. கோடு ஜம்போவுக்கும் சேர்த்துப் போட்டது என்பதைச் சின்னையாவே மறந்திருந்தார்.

நாலு பழத்தையும் வைத்தவர் அவர்தான். அன்றைக்கு அவருக்கும் குஷி. பேட் இரண்டையும் எடுத்து, விமானத்துக்குக் காட்டுவதுபோல வீரனுக்கு "வா, வா" என்று காட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். வண்டி பழத்தை நசுக்கிக் கோட்டைத் தாண்டி நின்றது. வேலியே பயிரை மேய்ந்தது. சூடத்தைத் தொட்டுக் கும்பிட வீரன் இறங்கினார். அப்படியே சுண்டலுக்குப் போய்விட்டார். வண்டியைப் பின்னால் எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த நேரம் பார்த்து, வேறு இடம் காலியில்லை என்று ஒரு ஜம்போவை இந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். வாயில் சுண்டலோடு சின்னையா தன் இடத்துக்கு ஓடினார்.

மூக்குச் சக்கரம் மஞ்சள் கோட்டில் நூல் பிடித்த மாதிரி வந்தது. பாலகிருஷ்ணனின் கண் அதிலேயே இருந்தது. சின்னையா இறக்கை நுனியைப் பார்த்தார். பிறகு அது போகிற திக்கைப் பார்த்தார். படிக்கட்டு லோரி! அதன் உச்சியில் பெர்னாட், சாய்ந்துபோன வாழைமரத்தை நிமிர்த்திக் கட்டிக்கொண்டிருந்தார். முதுகு விமானத்தின் பக்கம். இறக்கை அவர் நெஞ்சு உயரத்தில் வந்துகொண்டிருந்தது.

சின்னையா பேட் இரண்டையும் குறுக்கே தூக்கினார். பாலகிருஷ்ணன் பார்க்கவில்லை. "டேய் பெர்னாட்டு! படுடா!" ரப்பர் காட்டில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் கேட்கிற குரல், இன்ஜின் இரைச்சலில் அவர் காதுக்கே கேட்கவில்லை. படியேற நேரமில்லை. ஓடிப்போய்க் கையிலிருந்த ஒரு பேட்டை ஓங்கி எறிந்தார்.

அது பெர்னாட்டின் முதுகில் விழுந்தது. யார்டா அவன் என்று கோபமாகத் திரும்பியவர், இறக்கையைப் பார்த்தார். அப்படியே பலகையில் குப்புற விழுந்தார். இறக்கை வாழைமரத்தை முறித்து, கம்பியை நெளித்து, அவருக்கு மேலே வந்து நின்றது. பாலகிருஷ்ணன் அப்போதுதான் பார்த்து, விமானிக்கு 'நில்' என்று காட்டியிருந்தார்.

இன்ஜின்கள் அடங்கின. பெர்னாட் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். காற்சட்டை நனைந்திருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றார் வீரன், உதறுகிற குரலில். சின்னையாவுக்கு அவரை அறையலாம் போல இருந்தது. ஓடிவந்த அதிகாரி விஷயத்தைக் கேட்டு, சமயத்தில் புத்தி வேலை செய்தது என்று சின்னையாவின் தோளைத் தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

பெர்னாட் வந்து அவரைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். "நீ இல்லேன்னா, எம் பொண்டாட்டி முரியலும் புள்ளைங்களும் இன்னைக்கு நடுத்தெருவுல நின்னுருப்பாங்கடா."

திருப்பிக் கட்டிக்கொள்ளச் சின்னையாவுக்குக் கை எழவில்லை.

"நான் இல்லேன்னா நீ கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிருக்கவே மாட்டடா" என்றார். "நாந்தானே வா, வான்னேன்."