எட்டு நாள் குறை

ராக்கம்மாளுக்குப் பொய் சொல்ல வராது. சிவகங்கைப் பக்கமிருந்து திருப்பூரை அடுத்த நெருப்பெரிச்சலுக்குப் பிழைக்க வந்த பன்னிரண்டு வருடத்தில், பனியன் கம்பெனி செக்கிங்கில் ஓட்டை பீஸை ஒருமுறைகூட நல்ல பீஸோடு தள்ளிவிட்டதில்லை. சூப்பர்வைசருக்கே அதில் எரிச்சல்தான்.

புருசன் சோணைமுத்து சாயப்பட்டறையில் கொதிநீர் கொட்டி, கால் இரண்டும் வெந்து கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது, கூட இருந்து பார்க்க ஆள் வேண்டியிருந்தது. ராக்கம்மாள் வேலையை விட்டால் அடுப்பு எரியாது. பத்தாவது படித்துக்கொண்டிருந்த மகள் அபிராமிதான் போனாள். வாரம் தவறாமல் பார்க்கப் போகும்போது அவள் முத்து முத்தாக லீவு லெட்டர் எழுதிக் கொடுக்க, ராக்கம்மாள் அதைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். எல்லாவற்றிலும் ஒரே காரணம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. அப்படியே அறுபது நாள் ஓடிவிட்டது.

பப்ளிக் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வந்தபோது அபிராமிக்கு மட்டும் இல்லை. வருகையில் எட்டு நாள் குறைகிறதாம்.

கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி அரைநாள் பர்மிஷன் வாங்கிக்கொண்டு ராக்கம்மாள் ஓடினாள். ஹெட்மாஸ்டர் மகுடேஸ்வரன் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். மரியாதைக்கு அங்கே குறைவே இல்லை.

"புள்ளைக்கே சீக்குன்னா டாக்டர் சர்ட்டிபிகேட்ட வெச்சு மேல எழுதிப்போடுவனுங்க. அப்பாவுக்குச் சீக்குன்னா ரூல்ல எடமில்லீங்களே."

"அவுக அப்பாவப் பாக்க வேற ஆளில்ல சார். பிள்ள ஒண்ணும் ஊர் சுத்தலையே."

"தெரியுமுங்க. மொதல்லயே புள்ளைக்கு மஞ்சக்காமாலைன்னு எழுதியிருந்தீங்கன்னா ஒண்ணுமில்லீங்க. இப்ப எல்லா லெட்டர்லயும் அப்பா அப்பான்னே இருக்குது. நான் என்ன பண்றதுங்க?"

ராக்கம்மாள் நினைத்துப் பார்த்தாள். அபிராமியோடு படிக்கும் பக்கத்து வீட்டு ராபின் கிரிக்கெட் ஆடப்போன நாளுக்கெல்லாம் டைபாய்டு என்று சர்ட்டிபிகேட் கொடுத்துவிட்டு, ஹால் டிக்கெட்டும் கையுமாகத் திரிகிறான். அடுத்த வருடம் தனியாக எழுதிக்கொள்ளலாம் என்று ஹெட்மாஸ்டர் ஆறுதல் சொன்னார். அடுத்த வருடமாம். இனி நின்று வேலை பார்க்க முடியாத சோணைமுத்துவை வைத்துக்கொண்டு எந்த அடுத்த வருடம்?

ஜூன் மாதம் அபிராமியும் அதே கம்பெனியில் சேரப் போனாள். வயதுக்கு அத்தாட்சி கேட்டார்கள். டி.சி. வாங்க இருவரும் பள்ளிக்கூடம் போனார்கள். கிளார்க் ஒரு தாளை நீட்டினார்.

"நிக்கறதுக்குக் காரணம் எழுதோணுமுங்க."

"என்னான்னு எழுத சார்?" என்றாள் ராக்கம்மாள்.

"குடும்பச் சூழ்நிலைன்னு போடச் சொல்லுங்க. அது போதும்."

அபிராமி எழுதிக் கொடுத்தாள். ஹெட்மாஸ்டர் உடனே கையெழுத்துப் போட்டார். அந்தக் காரணத்துக்கு மட்டும் யாரும் சர்ட்டிபிகேட் கேட்கவில்லை.