மூன்று அரசியலமைப்புக்குப் பெட்டி தூக்கியவர்

இறைமை மக்களிடம் இருக்கிறது என்று நமது அரசியலமைப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த மக்கள் யார் யார் என்று தீர்மானிக்க ஒரு இலிகிதர் போதும். இருபது வருடம் அரசாங்கக் கந்தோரில் இலிகிதராகக் கோப்பு எழுதியவன் என்பதால் இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு.

அழகர் மஹய்யாவயில் பிறந்தவர். கண்டியில் எங்கள் கந்தோரில் தொழிலாளி. அவருடைய அப்பா 1947 தேர்தலில் வாக்குப் போட்டார். அவர் போட்ட இடம் மேலே இருந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை போலும், மறுவருடமே இந்திய வம்சாவளி என்று சட்டம் கொண்டுவந்து அப்பனையும் மகனையும் நாடற்றவர்களாக்கினார்கள். என் அப்பாவும் அதே வம்சம்தான், ஆனால் கடை வைத்திருந்தவர். அலுமாரி நிறையப் பத்திரங்கள் இருந்தன. விண்ணப்பித்தார், பிரஜையானார். அழகரின் அப்பாவிடம் அலுமாரியே இல்லை.

நாடில்லாதவரைத் தேர்தல் வேலைக்கு எடுக்கலாமா என்று கேட்காதீர்கள். தாராளமாக எடுக்கலாம். வாக்குப் போடத்தான் பிரஜையாக இருக்க வேண்டும், வாக்குப் பெட்டி தூக்க முதுகு இருந்தால் போதும். 1965 முதல் எல்லாத் தேர்தலுக்கும் அழகர்தான் பெட்டி தூக்கினார். வெள்ளைக்காரன் தந்த அரசியலமைப்பு போய், எழுபத்திரண்டில் ஒன்று வந்து, எழுபத்தெட்டில் இன்னொன்று வந்தது. மூன்றும் அவர் முதுகில்தான் ஏறிப் போயின.

சும்மா தூக்கவும் மாட்டார். காலை ஏழு மணிக்குக் கட்சி முகவர்களுக்கு வெறும் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டுமல்லவா, அதைச் சீர்த்தட்டு காட்டுவது போல மூன்று பக்கமும் திருப்பிக் காட்டுவார். "மடிச்சுப் போடுங்கம்மா, யாருக்கும் காட்டாதீங்க" என்று வரிசைக்குப் பாடம் நடத்துவார். நாலு மணிக்கு வரிசையில் நிற்பவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று தலைமை தாங்கும் அலுவலருக்கே ஒருமுறை சொன்னார். எங்களுக்கெல்லாம் பெரிய வேடிக்கை.

எண்பத்தெட்டில் இன்னொரு சட்டம் வந்து அழகரைப் பிரஜையாக்கியது. அவருடைய பெயர் வாக்காளர் பட்டியலில் ஏற மேலும் சில வருடங்கள் பிடித்தன. தொண்ணூற்று நாலு ஆகஸ்ட் தேர்தலுக்குத்தான் முதல் முதலாக வாக்காளர் அட்டை வந்தது. அதற்குப் பிறகு அவருடைய தொல்லை தாங்க முடியவில்லை. அட்டையைப் பொலித்தீன் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

"யாருக்குப் போடப் போறீங்க அழகர்?" என்று தேநீர்க் கடை பளீல் நாநா கேட்டார்.

"அது ரகசியம் நாநா. சட்டம் அப்படி."

பெண்டாட்டி பரிமளத்திடமும் இதையேதான் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் இரண்டு நாள் பேசவில்லையாம்.

அந்தத் தேர்தலுக்கு எங்களைத் தெல்தெனிய பக்கம் ஒரு பாடசாலைக்கு அனுப்பினார்கள். நான் பெயர் வாசிப்பவன். பத்து மணியளவில் கூட்டம் குறைந்ததும் அழகர் முகம் கழுவி, புதுச் சட்டை மாற்றிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவர் முறை வந்தது. அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார்.

"அழகர், உங்க பேரு மஹய்யாவ லிஸ்ட்லதான் இருக்கு. இங்க போட முடியாது."

"அப்ப நீங்கள்லாம் போடவே மாட்டீங்களா சார்?"

"முந்தியே போட்டுட்டோம். கந்தோர்ல வச்சு, தபால் வாக்கு."

அவர் முகம் மாறியது. "இத்தன வருசமா நீங்கள்லாம் நாட்டுக்காக ஓட்டையே விட்டுக்குடுத்துட்டு வேலைக்கு வர்றீங்கன்னுல்ல சார் நினைச்சேன். மொத ஓட்டுங்கறதால எனக்குத்தான் மனசு கேக்கல, கேட்டுப் பாக்கலாம்னு நின்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கேள்வியில் அது நின்றது.

"தபால்ல போடறதுக்கு என்ன சார் செய்யணும்?"

"ஒரு விண்ணப்பப் பாரம் நிரப்பிக் குடுக்கணும்."

"அதை யாரு சார் தர்றது?"

நான்தான். தேர்தல் வேலைக்குப் போகிற எல்லோருக்கும் அந்தப் பாரத்தை மேசை மேசையாகக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. இருபது வருடமாக அழகரைத் தாண்டிப் போய்ப் பழகிய கால். அவருடைய வாக்காளர் அட்டையை நானே மூன்று முறை பார்த்துச் சிரித்திருக்கிறேன். ஆனாலும் கால் தாண்டித்தான் போனது. பாராளுமன்றம் பத்து வரிச் சட்டத்தில் செய்த வேலையை நான் செருப்பு தேயாமல் செய்து முடித்துவிட்டேன்.

வெட்கமாக இருந்தது. மத்தியானம் அவரைத் தனியாகக் கூப்பிட்டேன். "விரல்ல மையாவது வச்சு விடுறேன் அழகர். வீட்டுல கேட்டா காட்டலாம்."

"போடாத ஓட்டுக்கு எதுக்கு சார் மை? அது களவு." நாலு மணிக்குப் பெட்டியை முத்திரை வைத்து மூடியதும், வழக்கம் போல அவரே தூக்கி லொறியில் ஏற்றினார். வரும் வழியெல்லாம் அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல். பாரங்கள் வந்த அன்றே முதல் பாரத்தை அழகரிடம் கொண்டுபோனேன். நானே நிரப்பி, கையெழுத்து வைக்கும் இடத்தில் பென்சிலால் புள்ளியும் போட்டிருந்தேன்.

அவர் அதை வாசிக்கக்கூட இல்லை. திருப்பிக் கொடுத்தார்.

"வேணாம் சார். பெரியவர்கிட்ட லீவு கேட்டு வாங்கிட்டேன். பரிமளத்தோட வரிசையில நின்னு போடப் போறேன்."

"அப்ப பெட்டிய யாரு தூக்குறது?"

"நீங்க தூக்குங்க சார். நீங்கதான் முந்தியே போட்டுருவீங்கல்ல."

அந்த முறை நான்தான் தூக்கினேன். வெறும் பெட்டியே நல்ல கனம்.