குமணன்சாவடியில் ஒரு சுடுதண்ணீர்ப் பரிசோதனை

குமணன்சாவடியில் பேருந்து மாற இறங்கியவன், ஒரு கடை வாசலில் நிற்கிறேன். உச்சி வெயில். சோலார் ஹீட்டரைத் தெருவோரம் நிறுத்தி, அதன் குழாயைத் திறந்து காட்டுகிறார் கடைக்காரர். ஆவி பறக்கிறது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. வெளியில் வைத்து எதை விற்றாலும் நான் முதலில் அடியில்தான் பார்ப்பேன். குனிந்து கரண்ட் ஒயர் தேடுகிறேன். ஒன்றுமில்லை.

பக்கத்தில் நிற்கும் ஓர் அம்மா என்னைவிடக் கெட்டி. கீசரால் கரண்ட் பில் எகிறுகிறது என்று ஹீட்டர் வாங்க வந்தவர். ஆவித் தண்ணீரைத் தொட்டுவிட்டு, விரலை ஆற்றக் கடையின் கைகழுவும் குழாயைத் திறக்கிறார். சட்டென்று கையை இழுத்துக்கொள்கிறார்.

"இதுவும் சுடுதே! இதுவும் சோலாரா?"

"இல்லக்கா, அது மொட்டமாடி டேங்க் தண்ணி."

"அதான் எங்க ஊட்லயே கீதே! மத்தியானத்துல எவன் சுடுதண்ணில குளிக்கிறான்?"

கடைக்காரர் விடுவதாயில்லை. "இதுல சூடு ராத்திரி பூரா அப்டியே நிக்கும்க்கா. விடிகாலைல வந்து கை வச்சுப் பாருங்க, அப்பத் தெரியும்."

அந்த அம்மா பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறார்.

"சரி, வரேன். கடைய எத்தினி மணிக்குத் தொறப்பே?"

கடைக்காரர் குழாயை மூடுகிறார்.

"பத்து மணிக்கு."