நடைமேடையில் நின்ற பெண்

ஹைனல்கா எங்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. நான் இயற்பியல். விழா என்றால் பாட்டும் விளக்கும் என் பொறுப்பு. அதனால் அவள் பிள்ளைகளுக்கு நடனம் அமைக்கக் கற்றுக்கொடுத்ததை ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் கூட இருந்து பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊர் இருக்கும் டிஸா ஆற்றங்கரையில் மற்ற ஊர்ப் பள்ளிகள் ரிப்பன் விழாவுக்கு நகரத்திலிருந்து நடன ஆசிரியரை வரவழைத்துவிடும். பள்ளியை முடிக்கப்போகும் கடைசி வகுப்புப் பிள்ளைகளின் நெஞ்சில் ரிப்பன் குத்தி முடிந்ததும், வாடகை கவுன் போட்ட பெண்களும் கறுப்புக் கோட்டுப் பையன்களும் சுற்றிச் சுற்றி வால்ட்ஸ் ஆடுவார்கள். வீட்டுக்குப் போவார்கள். ஹைனல்கா அதோடு விடமாட்டாள். வால்ட்ஸ் முடிந்ததும் வகுப்பு தானே அமைத்த நடனம் ஒன்று அரங்கேற வேண்டும். ஓர் அடிகூட அவள் போட்டுத் தரமாட்டாள். கேள்விதான் கேட்பாள்.

"எல்லாரும் ஏன்டா நடுவுல வந்து குவியுறீங்க? ஓரத்துல என்ன, பாம்பா இருக்கு?"

"நீங்களே சொல்லிடுங்களேன் டீச்சர்."

"நான் சொன்னா அது என் டான்ஸ். எனக்கு ரிப்பன் குத்தி எத்தனையோ காலமாச்சு. போங்க, யோசிங்க."

சண்டை வந்தால் கை தூக்கி முடிவெடுப்பார்கள். நடனத்துக்கு உதவாததை, அது யார் யோசனையாக இருந்தாலும், தூக்கி எறிந்துவிட வேண்டும். அவள் வைத்த ஒரே சட்டம் அதுதான்.

அந்த ஆண்டு வகுப்பு எடுத்துக்கொண்டது ரயில் நிலையம். ஊரில் கை கால் திடமாக உள்ளவர்கள் எல்லாம் ஆஸ்திரியாவுக்கும் ஜெர்மனிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சமயம். நடனத்தில் பிள்ளைகள் பழைய பெட்டிகளோடு ஜோடி ஜோடியாக வருவார்கள், காத்திருப்பார்கள், கடைசியில் எல்லோரும் ஒன்றாக நின்று கையசைப்பார்கள். அதன் மூளை டொரினா என்ற பெண். குரலை உயர்த்தாமலே ஒரு கூட்டத்தை நகர்த்தத் தெரிந்தவள். "இப்படி ஒருத்தி இதுவரைக்கும் எனக்கு வாய்ச்சதில்ல," என்று ஹைனல்கா என்னிடம் பூரித்துப் போவாள்.

அதே வகுப்பில்தான் பொக்லார்காவும் இருந்தாள். உயரமானவள், கூச்சக்காரி. தாளம் அவளுக்கு எப்போதும் சற்றுப் பிந்தித்தான் கேட்கும். எல்லோரும் திரும்பி முடித்த பிறகு திரும்புவாள். அவளுக்கு ஜோடியாக வந்த ஜோம்போர் ஒருநாள் பெட்டியைத் தரையில் போட்டான்.

"இவளோட ஆடுறதும் அலமாரியைத் தள்ளிட்டுப் போறதும் ஒண்ணுதான்!"

எல்லோரும் சிரித்தார்கள். பொக்லார்காவும் சிரித்தாள்.

வகுப்பு கை தூக்கியது. பொக்லார்கா ஆட வேண்டாம், திரை இழுக்கட்டும்.

"உனக்குச் சம்மதமா?" என்று ஹைனல்கா கேட்டாள்.

"பரவாயில்ல டீச்சர். திரை இழுக்கிறது எனக்குப் பிடிக்கும்."

அந்தப் பதிலைத்தான் ஹைனல்காவால் தாங்க முடியவில்லை. "அடியைத் தூக்குறதுக்கு ஓட்டு போடலாம். ஆளைத் தூக்க முடியாது. அவ ஆடுவா, ஜோம்போரோடதான் ஆடுவா. பேச்சு முடிஞ்சுது."

"அப்ப சட்டம்?" என்றாள் டொரினா.

"முடிஞ்சுதுன்னு சொன்னேன்."

அதன் பிறகு ஒத்திகைகள் ஒழுங்காக நடந்தன. ஜோம்போர் பொக்லார்காவின் கையை மரியாதையாகப் பிடித்துக்கொண்டான். ஹைனல்காவுக்கு நிம்மதி.

விழா அன்று விளையாட்டுக்கூடம் நிரம்பி வழிந்தது. வால்ட்ஸ் முடிந்து ரயில் நிலையம் தொடங்கியது. கடைசியில் பாட்டில் ரயில் ஊதும் இடம். எல்லோரும் வரிசையாக நிற்க வேண்டும். நிற்கவில்லை. ஜோடி ஜோடியாகப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஒரே ஓட்டமாக வலப்பக்கம் மறைந்தார்கள். ஜோம்போர் பொக்லார்காவின் கையை விட்டுவிட்டு டொரினாவோடு போனான். பொக்லார்கா வழக்கம்போலத் தாமதமாகத் திரும்பினாள். யாரும் இல்லை. கையசைக்க வேண்டிய இடம் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். வெறும் தரையில் பெட்டியோடு தனியாக நின்று கையசைத்தாள்.

கூடமே எழுந்து நின்று கைதட்டியது. மகன்களையும் மகள்களையும் ரயிலேற்றிவிட்ட தாய்மார்கள் விம்மினார்கள். தலைமையாசிரியர் கைக்குட்டையை எடுத்தார்.

உடை மாற்றும் அறையில், பொக்லார்கா கிளம்பிய பிறகு, ஹைனல்கா வகுப்பை நிறுத்தி வைத்துக் கேட்டாள். "யாரு போட்டது இதை?"

"நாங்க எல்லாருமா. எங்க வீட்டு கராஜ்ல ஒத்திகை பார்த்தோம்," என்றாள் டொரினா.

"அவளுக்குச் சொன்னீங்களா?"

"சொல்லியிருந்தா அந்த முகம் வந்திருக்குமா? நடனத்துக்கு எது நல்லதோ அதைச் செய்யணும்னு நீங்கதானே டீச்சர் சொல்லிக் கொடுத்தீங்க. கைதட்டு கேட்டுச்சு இல்ல?"

ஹைனல்கா வெளியே வந்தாள். கொட்டும் பனியில் என் பக்கத்தில் நின்று ஒன்றைச் சொன்னாள்.

"அவ தனியா நின்னப்போ, என்ன நடந்துச்சுன்னு புரியறதுக்கு முன்னாடி, 'அட, என்ன அழகு!'ன்னு நெனச்சேன். அதை நான்தான் நெனச்சேன்."

பொக்லார்காவின் அப்பா பேருந்து ஓட்டுநர். அவர் ஒரு தட்டு நிறையப் பொகாச்சா பன்களோடு எங்களைத் தேடி வந்தார். கண்கள் சிவந்திருந்தன. "டீச்சரம்மா, எம்பொண்ணுக்குப் போய் இப்படி ஒரு தனி இடமா! அவ அம்மா இருந்திருந்தா..." என்று ஹைனல்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். ஹைனல்கா ஒரு பன்னை எடுத்துக் கடித்தாள். வேறு என்ன செய்வாள்?

மறுநாள் அவள் பொக்லார்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனாள். அவள் கேட்டு முடிக்கும் வரை பொக்லார்கா காத்திருக்கவில்லை.

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவர் அந்த வீடியோவை டிப்போவுல எல்லார்க்கும் காட்டிட்டார்." பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நான்தான் திரை இழுக்குறேன்னு சொன்னேனே டீச்சர்."

தலைமையாசிரியர் நடனத்தை மாவட்டப் போட்டிக்கு அனுப்ப விரும்பினார். ஹைனல்கா முடியாது என்றாள். டொரினாவே பொறுப்பேற்று வகுப்பைக் கூட்டிப்போனாள். பொக்லார்காவும் போனாள். போகாமல் இருந்தால் அப்பா ஏன் என்று கேட்பார். அங்கே நடுவர்கள் அவளைப் பெயர் சொல்லிப் பாராட்டினார்கள். தனியாக நிற்பதற்கு இப்போது அவள் தாளம் தவறாமல் திரும்பக் கற்றிருந்தாள். முதல் பரிசு கிடைத்தது.

அடுத்த இலையுதிர் காலத்தில் புது வகுப்பு ஹைனல்காவைச் சூழ்ந்துகொண்டது. "எங்களுக்கும் அந்த மாதிரி ஒண்ணு பண்ணணும் டீச்சர். யாரை நிக்க வைக்கலாம்?"

"வால்ட்ஸ் மட்டும்தான்," என்றாள் அவள். "அடி எல்லாம் நான் தர்றேன். நீங்க ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணிட்டு ஆடினா போதும்."

அவர்களும் எண்ணி எண்ணி ஆடினார்கள். பெற்றோர்கள் போன ஆண்டு போல் இல்லை என்று குறைபட்டுக்கொண்டே கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.