வயிற்றுவலி என்று சொன்னோம்

அக்காவின் சமையலறை அலமாரியில் ஓமத்திரவப் பாட்டில்கள் மூடி திறக்கப்படாமல் நின்றன. எல்லாம் உடல்நலம் விசாரிக்க வந்தவர்கள் கொடுத்தவை. கணவரை இழந்து திருவையாற்றில் தனியே வாழ்ந்த அக்கா, ஒரு சம்பா நடவுக் காலத்தில் தன் உயிரைத் தானே முடித்துக்கொள்ள முயன்று, பிழைத்து, தஞ்சாவூர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியிருந்தார். கேட்பவர்களிடம் தீராத வயிற்றுவலி என்று சொல்லச் சொன்னவன் நான். எங்கள் பக்கத்தில் இத்தகைய செய்திக்கு வழக்கமாகப் போர்த்தும் போர்வை அது.

அப்போது நான் தற்கொலைத் தடுப்புக் கொள்கையை வரையும் அரசுக் குழுவில் உறுப்பினன். பிழைத்து வந்தவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்கு நேர்ந்ததை மூடி மறைக்கக் கூடாது, அவரிடம் நேராகக் கேட்டுப் பேசவைக்க வேண்டும் என்ற பத்தியை எழுதியவன். எழுதிய கையோடுதான் அக்காவைப் பார்க்கப் போனேன்.

எதிர்வீட்டு அம்மாள் குழைந்த மோர்சாதம் கொண்டுவந்திருந்தார். "காரமே ஆகாதுங்க உங்களுக்கு. வத்தக்குழம்புன்னு வாயத் தொறக்கக்கூடாது, ஆமா!"

"இப்படியே ஊட்டுனீங்கன்னா என் பல்லு என்ன பண்ணும்? சும்மா உக்காந்துருக்கவா?" என்றார் அக்கா. மூவரும் சிரித்தோம்.

அந்த அம்மாள் போனதும் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, வர்றவங்க எல்லாம் என் வயித்தத்தான் கேக்குறாங்க. நீயாவது வேற எதாவது கேளேன்டா."

கேட்க வேண்டிய கேள்வி எனக்குத் தெரியும். அதை எப்படித் தொடங்குவது என்று மாவட்ட அலுவலர்களுக்குப் பயிற்சி அளித்தவன் நான்.

"மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்புடுறியாக்கா?" என்றேன்.

அக்கா மோர்சாதத்தைத் தட்டால் மூடிவைத்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பின் அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

சென்ற தை மாதம் அக்கா மாரடைப்பால் இறந்தார். துக்கத்துக்கு வந்தவர்களிடம் மாரடைப்பு என்று நடந்ததை நடந்தபடியே சொன்னேன். எதிர்வீட்டு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"மாரடைப்புன்னே சொல்லிக்குவோம் சார். அப்ப வயித்துவலின்னு சொல்லலியா? தெருவுக்கே தெரியுங்க. உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னுதான் அவங்ககிட்ட யாரும் ஒண்ணும் கேட்டுக்கல."

அக்கா நோயால்தான் இறந்தார் என்று நம்ப அந்தத் தெருவில் இன்று என்னைத் தவிர ஒருவரும் இல்லை.