பாவாடையைப் பிடித்த கை

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். மலைமேல் இருக்கும் லா பாஸ் நகரில் நிக்காசியா எனக்கு அடுத்த வீட்டுக்காரி. விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லத் தெரியாதவள்.

அவள் மகள் யோலாவுக்கு நான்கு வயது. சந்தைக்குப் போன இடத்தில் ஒரு நாய் பாய்ந்து, குழந்தை பயந்துவிட்டது. ஒன்பது நாளாகச் சாப்பாடில்லை, பேச்சில்லை, கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒன்றுமில்லை என்றார்கள். குழந்தையோ கரைந்துகொண்டே போனது.

பத்தாம் நாள், அண்ணியைக் குழந்தையருகே உட்காரவைத்துவிட்டு, மகளின் சட்டையை எடுத்துக்கொண்டு மருந்துச் சந்தைக்கு ஓடினாள் நிக்காசியா.

மணி மூன்று பத்து. ஆலங்கட்டி மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. கம்பளித் தொப்பிக் கடைகள் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தன. குறி சொல்லி மருந்து விற்கும் பஸ்தோராவின் கடை மட்டும் திறந்திருந்தது. மேலே பூசைக்கு விற்கிற காய்ந்த லாமாக் குட்டிகள் தொங்க, மூலிகைக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். கோக்கா இலைகளைத் துணியில் வீசிக் குறி பார்த்தாள்.

"உம் புள்ள உசுரு பாதி வெளிய நிக்குது, தாயி. எங்க பயந்தா?"

"உன் கடைக்குப் பின்னால இருக்கிற சந்துலக்கா."

பஸ்தோராவின் கை அப்படியே நின்றது.

"இந்தா, இந்த மணிய ஆட்டி, புள்ள சட்டய வீசி அங்க நின்னு கூப்பிடு. உசுரு பின்னாலயே வரும். வீடு போற வரைக்கும் திரும்பிப் பாக்காத. பாத்தா ஓடிரும்."

"நீயும் வாக்கா. தனியாப் போகப் பயமா இருக்கு."

"அந்தச் சந்துக்குள்ள நான் வரமாட்டேன்."

நிக்காசியா தனியாகப் போனாள். மணி மூன்று நாற்பது. தரையெல்லாம் பனிக்கட்டி. சட்டையை வீசினாள். மணியை ஆட்டினாள்.

"மகளே... வாடி... அம்மா வந்திருக்கேன்..."

ஒன்றுமில்லை.

மறுபடி கூப்பிட்டாள். மூன்றாம் முறை அது கூப்பிடுவதாக இல்லை, அலறலாக இருந்தது.

சரக்... சரக்...

பனிக்கட்டியில் சின்னக் காலடி. பின்னாலிருந்து யாரோ பாவாடையைப் பிடித்தார்கள்.

அழுதுகொண்டே நடந்தாள். மேட்டில் ஏறினாள். பிடி விடவில்லை. வழியில் சோளக்கஞ்சி விற்கிற பெண் அவளைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் பார்த்தாள். சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

பாவாடை நனைந்து கனத்தது. சொட்டு... சொட்டு...

அப்போதுதான் உறைத்தது. யோலா எப்போதும் தொடைப் பக்கம்தான் பிடிப்பாள். இந்தக் கை இடுப்பருகே பிடித்திருக்கிறது.

நான்கு இருபத்தைந்து. போன் அடித்தது. அண்ணி.

"நிக்கா! புள்ள கண்ணத் தொறந்துட்டா! சூப்பு கேக்குறா!"

"எப்போ?"

"மூணே முக்காலுக்கே. நீதான் போனே எடுக்கல."

கால்கள் நின்றுவிட்டன.

அப்படியென்றால்... இது யார்?

"அம்மா... போலாம்."

யோலாவின் குரல் இல்லை.

ஓடினாள். பிடியும் ஓடி வந்தது. வீட்டுக்குள் பாய்ந்து, பாவாடையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, கதவை அறைந்து தாழ் போட்டாள்.

டொக்.

கதவின் கீழ்ப்பக்கம்.

டொக்... டொக்...

எனக்கும் கேட்டது. தெருவில் ஏதோ குழந்தை விளையாடுகிறது என்று இருந்துவிட்டேன்.

"நானும் உள்ள வர்றேம்மா..."

ஆறு பத்து வரை. பிறகு சத்தமில்லை.

மறுநாள் காலை சந்தைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். பஸ்தோரா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்துத் தொப்பிக் கடைக்காரிதான் நிக்காசியாவைத் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னாள். பதினொரு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சந்தில் வெள்ளம் வந்தது. பஸ்தோராவின் ஏழு வயது மகளை அடித்துக்கொண்டு போனது. உடல் கிடைக்கவில்லை. ஒரு வருஷம் முழுக்கப் பஸ்தோரா அங்கேயே நின்று கூப்பிட்டிருக்கிறாள். மகள் ஒருநாள்கூட வரவில்லை.

திரும்பியபோது பஸ்தோரா எதிரே நின்றாள். நிக்காசியாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"எந்த வாசல், தாயி? எம் புள்ளய எந்த வாசல்ல விட்டே?"